கட்டுநர் மகரவியல்

மாணாக்கனே, கேள். கட்டடம் எழுப்பிப் பிழைக்க விரும்புவோன் பட்டறிவுடைய மூத்தாரை அடுத்துக் கற்றல் வேண்டும் என்பது யாவரும் அறிந்தது. அம்மூத்தார் எதனைக் கொண்டு கற்பிப்பர் என்பதை எவரும் வகுத்துரைத்திலர். நன்னூலார் கற்பிப்போருக்கு நிலம், மலை, நிறைகோல், மலர் என நான்கை ஒப்புக் கூறினார். அவர் கடைக்கால் தோண்டியவர் அல்லர். ஆதலின் அவரைக் குறை கூறற்க. கட்டுமான மூத்தாரின் கற்பிக்கும் கருவி ஒரே எழுத்து. அது ‘ம்’. அதனைத் தொகை, வகை, விரியாகக் கூறுவது இவ்வியல்.

மூத்தார் இருவகையர்: ஏற்றுக்கட்டுநர், கைக்கட்டுநர். முன்னவரை உலகம் காண்டிராக்டர் என்னும். பின்னவரை மேஸ்திரி என்னும். மேஸ்திரி என்பது போர்த்துகீசியர் விட்டுச்சென்ற சொல். எனினும் மேஸ்திரி வராத நாளில் ஒரு செங்கல்லும் நகராதாகலின் திசைச்சொல்லாகக் கொண்டு போற்றுக. சிமெண்டைப் பைஞ்சுதை என்பது நூல்வழக்கு. கடையில் அவ்வாறு கேட்டால் 50 கிலோ மூட்டை வாராது.

இனி அளவு. ‘ம்’ ஒற்றாகலின் அரை அளவினது. ‘ம்ம்’ என நீண்டால் ஒற்றளபெடை. ஓர் அளவு பெறும். அதற்கும் மேல் நீண்டால் அது எழுத்தன்று, உறக்கம்.

இம்மகரம் ஐவகைப்படும்.

முதலாவது, ஏற்பு மகரம். உடன்பாடு குறித்தது, தலையசைவோடு வரும். கற்போன் தன் வாழ்நாளில் இதனை இருமுறை கேட்பான். இருமுறையும் தேநீர் நன்றாயிருந்தமை பற்றியே.

இரண்டாவது, ஐய மகரம். கம்பி வந்திறங்கி, எடைச்சீட்டை நீ நீட்டியதும் தோன்றும். உடனே கம்பியின் விட்டத்தை மில்லிமீட்டரில் கொண்டு, அதனை அதனாலேயே பெருக்கி, 162ஆல் வகுக்க. 12 மில்லிமீட்டர் கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, 12 மீட்டர் நீளமுள்ள ஒரு கம்பி ஏறத்தாழ 10.67 கிலோ. கம்பிகளை எண்ணிப் பெருக்கிச் சீட்டோடு ஒப்பிடுக. மிக வேறுபட்டால் அந்த ‘ம்’ கடைக்காரருக்கு உரியது. வேறுபடாவிடின், எண்ணாமல் சீட்டை நீட்டிய உனக்கு உரியது.

மூன்றாவது, வினா மகரம். ஐந்தனுள் இதுவே தலையாயது. ஆகலின் உட்கார்ந்து கேள். ‘சதுர அடிக்கு இவ்வளவு என்று வீட்டுக்காரரிடம் சொல்லிவிட்டேன் அண்ணே’ என்று கற்போன் மகிழ்ந்துரைக்கும்போது, இறுதி உயர்ந்து ‘ம்?’ எனப் பிறக்கும். இது மூன்றாய் விரியும். தொட்டிவினா என்பது தரையடித் தண்ணீர்த் தொட்டி, கழிவுநீர்த் தொட்டி, மாடித் தொட்டி மூன்றும் அந்த விலைக்குள்ளா வெளியிலா என்பது. மதில்வினா என்பது சுற்றுச்சுவர் யார் தலையில் என்பது. மண்வினா மிகக் கொடிது: அம்மனையின் மண்ணைத் தோண்டிப் பார்த்தாயா, களிமண்ணாயின் கடைக்கால் இன்னும் எத்துணை இறங்கும் என்பது. ஓர் அரையளவுக்குள் இம்மூன்றும் அடங்கும். கற்போன் அன்றிரவு உறங்கான். மறுநாள் வீட்டுக்காரரிடம் மீளச் சென்று, இவையெல்லாம் தனிக்கணக்கு என்பான். அப்போது வீட்டுக்காரர் சொல்லும் ‘ம்?’ இவ்வியலுள் அடங்காது.

நான்காவது, காரி மகரம். காரிக்கிழமை மாலை, கூலி கொடுக்கும்பொழுது மட்டும் பிறப்பது. கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுவோரும் நின்றிருக்க, ‘அண்ணே, கொஞ்சம் குறையுது’ என்று கற்போன் சொல்ல, மூத்தவர் ‘ம்ம்’ என்று அளபெடுப்பார். அவர் கை சட்டைப்பைக்குச் சென்றால் பைச்செல் காரி; காதைச் சொறியச் சென்றால் செவிச்செல் காரி. முன்னது கடன், பின்னது கல்வி. கடைக்கால், அடிமட்டம், லிண்டல், தளம், பூச்சு எனத் தவணை பிரித்து, ஒவ்வொன்றுக்கும் உரிய பணத்தை அது தொடங்குமுன் பெறுதலே அக்கல்வி. தன் பணத்தில் பிறன் வீட்டைக் கட்டுவோன் கட்டுநன் அல்லன், கொடையாளி. செவிச்செல் காரி ஏழெட்டுப் பெற்ற பின்னரே இது விளங்கும். இடையில் மனைவியின் வளையல் அடகுக்கடை சென்று மீள்வதும் உண்டு.

ஐந்தாவது, வாய்வாளாமை, ஒலி முற்றும் ஒழிந்த மகரம். கைவழி, கால்வழி என இரண்டு. மணலை உள்ளங்கையில் தேய்த்துக் கறை பார்த்தலும், இரு செங்கற்களை மோதி ஓசை கேட்டலும், புதுத் தளத்தை உச்சிவெயிலில் தடவுதலும் கைவழி. தடவிய கை உலர்ந்தே மீண்டால் நீர் விடப்படவில்லை என்பது பொருள். குறைந்தது 7 நாள் ஈரம் வேண்டும். சாம்பல் கலந்த பைஞ்சுதையாயின் 10 நாள். கால்வழி ஒன்றே: தூக்குக்குண்டை விட்டுப் பார்த்து, முன்னாள் எழுந்த சுவரைக் காலால் தள்ளுதல். இதற்கு உரை வேண்டா.

புறனடை: கைப்பேசியில் வரும் மகரத்தை வகைப்படுத்தற்க. யான் ஒருமுறை வகைப்படுத்தினேன். ‘படிக்கட்டுக்குப் பலகை அடித்தாயிற்று, கலவை போடலாமா அண்ணே’ என்றேன். ‘ம்’ என்றார். ஏற்பு எனக் கொண்டேன். அது ஐயம். மேல்தளத்தில் தரைக்கல்லும் அதன் அடிக்கலவையுமாக 2 அங்குலம் ஏறும் என்பதை யான் கணக்கில் விட்டிருந்தேன். படிகளின் மேலோ அரை அங்குலமே ஏறிற்று. கடைசிப் படி மட்டும் ஒன்றரை அங்குலம் ஓங்கி நின்றது. புதுமனை புகுந்த அன்று மூத்தவர் வந்தார். ஏறினார். கடைசிப் படியில் இடறினார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, என்னைத் திரும்பிப் பார்த்து, ‘ம்’ என்றார்.

அரையளவே. இறுதி உயரவும் இல்லை, தாழவும் இல்லை. அது ஐந்தனுள் எவ்வகை என்று ஆய்ந்து, நாளைக் காலை 7 மணிக்குள், கலவை தொடங்குமுன், என்னிடம் வந்து சொல்லுக.