ஒன்றரை மடங்கு விதி: நெல்லியாளத்து மெய்நிகர் நினைவகம் குறித்த ஆய்வு

மெய்நிகர் நினைவகம் என்பது, ராம் நிரம்பியதும் ஹார்ட் டிஸ்க்கின் ஒரு பகுதியையும் ராம் என்று கணக்கில் காட்டும் ஏற்பாடு. 1962இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினியில் இது செயலுக்கு வந்தது. அதை வடித்தவர்கள் அறிவியல் கணக்குகளை நினைத்தே வடித்தார்கள். கார் திருடும் விளையாட்டுகள் அவர்கள் திட்டத்தில் இல்லை.

பந்தலூர் வட்டத்து நெல்லியாளத்தில் ஜூன் மாதம் தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் கிரிக்கெட் மட்டை மூலைக்குப் போகும். ஆய்வுக்கு உகந்த பருவம் அதுவே. கருவி, 2011 செப்டம்பர் 15இல் தொடங்கிய அரசுத் திட்டத்தின் விலையில்லா மடிக்கணினி. ராம் 2 ஜிபி. 256 எம்பி போதும் என்ற, கார் திருடும் விளையாட்டான ஜிடிஏ சான் ஆண்ட்ரியாஸ் வரை சிக்கல் எழவில்லை. குறைந்தது 4 ஜிபி கேட்ட ஜிடிஏ 5தான் இத்துறையைத் தோற்றுவித்தது.

செய்முறை அண்ணன்மார் வழி தம்பிகளுக்கு வருவது. மை கம்ப்யூட்டரில் ரைட் கிளிக், பிராப்பர்ட்டீஸ், அட்வான்ஸ்டு என்று இறங்கி, விர்ச்சுவல் மெமரிப் பெட்டியில் டிக்கை எடுத்துவிட்டு 3072, 6144 என்று அடிக்க வேண்டும். ராமைப் போல ஒன்றரை மடங்கும் மூன்று மடங்கும். விண்டோஸ் எக்ஸ்பி காலத்து வழக்கம். காரணம் கேட்பவர் ஆய்வாளராகக் கருதப்படுவதில்லை. டிஸ்க்கில் இதற்கென ஒதுக்கும் பகுதியான பேஜ்ஃபைலையே நீக்கினால் கேம் பறக்கும் என்னும் தீவிரப் பிரிவும் உண்டு. அவர்கள் கேம் பாதியில் தானே மூடிக்கொள்ளும். அதையும் வேகம் என்றே கொள்ளலாம்.

இயற்பியல் இவ்விதிக்குச் சாதகமாக இல்லை. நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் டிஸ்க்குக்கு ஒரு சுற்றுக்கு 11 மில்லி விநாடி ஆகும். விநாடிக்கு 60 ஃபிரேம் ஓட வேண்டிய கேமில் ஒரு ஃபிரேமுக்குக் கிடைப்பதே சுமார் 16 மில்லி விநாடி. 4 கேபி அளவுள்ள நினைவகப் பக்கம் ஒன்றை டிஸ்க்கிலிருந்து எடுத்து வருவதற்குள் எதிரி சுட்டுவிடுவான். பேஜ்ஃபைலைக் கூட்டினால் கேம் திடீரென்று மூடிக்கொள்வது குறையலாம், லேக் குறையாது.

ஆயினும் எண்ணை மாற்றியவர் எல்லோரும் 'இப்போ ஸ்மூத்தா ஓடுது' என்றே சாட்சி சொல்கின்றனர். பொய்யில்லை. மாற்றிய கையோடு ரீஸ்டார்ட் செய்யும்போது, பின்னணியில் திறந்து கிடந்த குரோம் டேப்கள் மூடிப்போகின்றன. விதிக்குக் கிடைக்கும் புகழில் பெரும்பங்கு ரீஸ்டார்ட்டுக்கு உரியது.

ஸ்டார்ட்டர் பதிப்பு விண்டோஸ் 7 உள்ள கணினியில் இந்தப் புகழுக்கும் இடமில்லை. அப்பதிப்பு 32 பிட்டில் மட்டுமே வந்தது. ஜிடிஏ 5 கேட்பது 64 பிட். பெட்டியில் எந்த எண்ணை அடித்தாலும் அங்கே அந்த கேம் திறப்பதே இல்லை.