குசினி மூலையிலிருந்து ஒரு மனு

பெறுநர்: இலங்கை மின்சார சபையார், அல்லது, 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க இலங்கை மின்சாரச் சட்டம் அச்சபையைப் பல கம்பனிகளாகப் பிரிக்க வழிசெய்திருப்பதால், முதுசம் பங்கிட்டு முடியும்போது குடாநாட்டின் கம்பிகள் எந்தப் பிள்ளையின் பங்குக்கு வருகின்றனவோ அப்பிள்ளை.

மனுதாரர்: யாழ்ப்பாணக் குடாநாட்டுக் குசினிகளில் தனித்து நிற்கும் மின்சாரக் குக்கர்.

பொருள்: மனுதாரரைப் பாதுகாப்பாகப் பாவித்தலும் பராமரித்தலும், அதிற் சபையாருக்குரிய பங்கும்.

தனித்து நிற்கும் மின்சாரக் குக்கர் எனப்படுவது மேசையில் வைக்கும் ஒற்றைத் தட்டு அடுப்போ, சோறு மட்டும் அவிக்கும் ரைஸ் குக்கரோ அன்று. மேலே நான்கு சூட்டுத் தட்டுகளும் கீழே ஒரு போறணையும் ஒரே உடலிற் பொருந்த, இடுப்பளவு உயரத்தில் நிலத்திற் சொந்தக் காலில் நிற்கும் சாதனமே இம்மனுவிற் பேசப்படுகிறது. குசினி, போறணை என்னும் இரு சொற்களும் போர்த்துக்கேயரிடமிருந்து வந்தவை. 1619இல் யாழ்ப்பாண இராச்சியத்தைத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்த அவர்கள் 1658இல் ஒல்லாந்தரிடம் தோற்றுப் போய்விட, சொற்கள் மட்டும் அடுப்படியிலேயே தங்கிவிட்டன. அச்சொற்களுக்கு வாய்த்த நிலைபேறு மின்சாரத்துக்கும் வாய்த்திருக்குமாயின் இம்மனுவின் பின்பாதியை எழுத வேண்டியிருந்திராது.

முதற்கண் மனுதாரரின் பசி பற்றிக் கூறுதல் வேண்டும். பெரிய வகைக் குக்கர் ஒன்றின் தட்டுகள் யாவற்றையும் போறணையையும் ஒருசேர முழுச் சூட்டிற் போட்டால் இழுக்கப்படும் வலு 10 கிலோவாற் வரை செல்லும். 230 வோல்றில் அது ஏறத்தாழ 43 அம்பியர். சாதாரண வீடொன்றுக்குச் சபையார் வழங்குவதோ 30 அம்பியர் ஒற்றைக் கட்ட இணைப்பு, அதாவது மின்குமிழ், குளிர்சாதனப் பெட்டி, கிணற்று மோட்டர் அனைத்துக்குமாக 6.9 கிலோவாற். வீட்டுக்கு வந்த விருந்தாளியின் வயிறு வீட்டின் உலைப்பானையிலும் பெரிது என்பதே இதன் பொருள். ஆயினும் மின்பணியாளர் இக்கணக்கைக் கண்டு அஞ்சுவதில்லை. பிரித்தானிய வயரிங் வழக்கில் 'பல்வகைமை' எனப்படும் சலுகை ஒன்று உண்டு. எல்லாத் தட்டுகளும் எப்போதும் ஒரே நேரத்தில் முழுச் சூட்டில் இருப்பதில்லை, போறணையின் சூட்டைக் காக்கும் தேர்மோஸ்டற் மின்னை விட்டுவிட்டே எடுக்கும் என்பதால், முதல் 10 அம்பியர் முழுவதையும் மீதியில் முப்பது வீதத்தையும் மட்டும் கணக்கிற் கொண்டாற் போதும் என்பதே அச்சலுகை. 43 அம்பியர் அவ்வாறு 20 ஆகச் சுருங்கிவிடுகிறது. விதி நியாயமானதே, ஆனால் அதை வகுத்தவர்கள் சித்திரை வருசப் பிறப்புக்கு முந்திய இரவில், ஒரு தட்டில் முறுக்கும் ஒரு தட்டிற் பயற்றம் பணியாரமும் மற்றவற்றிற் பாலும் பருப்பும் போறணையிற் கேக்குமாக, முற்றத்திற் கிணற்று மோட்டரும் ஓடிக்கொண்டிருக்கும் குடாநாட்டு வீடொன்றைக் கண்டிருக்க நியாயமில்லை.

ஆகவே மெயின் சுவிச் பலகையிலிருந்து மனுதாரருக்கெனத் தனிச் சுற்று ஒன்று வர வேண்டும். அதற்கு ஹாட்வெயார் கடைகளில் 7/1.04 என்று கேட்டு வாங்கப்படும் கம்பி வேண்டும். 1.04 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஏழு இழைகளைத் திரித்த அக்கம்பியின் குறுக்குவெட்டு ஏறத்தாழ 6 சதுர மில்லிமீற்றர். விலை குறைந்த 7/0.67 கம்பியோ 2.5 சதுர மில்லிமீற்றரே தேறும், அது பிளக் சுற்றுகளுக்கு உரியது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சுவருக்குள் புதைந்த பின் ஒருவர் கண்ணுக்கும் தெரியாது, கருகிய பிளாஸ்ரிக் மணம் எழும் நாளில் மட்டும் தெரியவரும். கம்பி சரியாயிருந்தும் முனையத் திருகாணி இளகியிருந்தால் அதுவும் போதும். மின்னோட்டத்தின் இருபடியைத் தடையாற் பெருக்கினால் வெப்பம் என்னும் பாடசாலைச் சமன்பாட்டின்படி, 25 அம்பியர் ஓடும் இணைப்பொன்றில் 0.1 ஓம் தடை இருந்தாலே 62.5 வாற் வெப்பம் பிறக்கும். பழைய 60 வாற் குமிழ் ஒன்றைக் கைக்கடக்கமான பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து மூடி எரியவிட்டதற்கு அது சமம். ஆண்டுக்கொருமுறை மெயின் சுவிச்சை நிறுத்தி, தகுதியுள்ள மின்பணியாளரைக் கொண்டு அத்திருகாணிகளை இறுக்குவிக்க ஆகும் கூலி, ஒரு நாட்டுக்கோழியின் விலையை மிகாது.

பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழு சதுர ஊசிகள் மூன்றுள்ள 13 அம்பியர் பிளக்கையே நாட்டின் நியமமாக்கியிருக்கிறது. வீடுகளிலோ 5 அம்பியர் உருண்டை, 15 அம்பியர் உருண்டை, 13 அம்பியர் சதுரம் என முக்காலத்துப் பிளக் துளைகளும், கந்தரோடை அகழ்வுக்குழியின் மண்படைகள் போல, ஒரே சுவரிற் காணப்படுகின்றன. இவற்றுள் எதுவும் மனுதாரருக்கு உரியதன்று. உயிர்க் கம்பியையும் நொதுமற் கம்பியையும் ஒருங்கே துண்டிக்கும் இருமுனைச் சுவிச் ஒன்றின் வழியே அவர் நேரடியாகத் தொடுக்கப்பட வேண்டும். அச்சுவிச் அவருடைய தலைக்கு மேலேயோ முதுகுக்குப் பின்னேயோ இல்லாமல், பக்கவாட்டில் இரண்டு மீற்றருக்குள் இருக்க வேண்டும். எரியும் எண்ணெய்ச் சட்டிக்கு மேலாகக் கையை நீட்டித்தான் நிறுத்த முடியுமென்றால் அச்சுவிச் இருந்தும் இல்லாததே. எண்ணெய் எரியத் தொடங்கினால் தண்ணீர் ஊற்றலாகாது என்பதையும், மின்னை நிறுத்திச் சட்டியை மூடியால் மூடி ஆறவிட வேண்டும் என்பதையும் ஈண்டு கூறிச் செல்வது தகும்.

புவித்தொடுப்பு என்பது, உயிர்க் கம்பி தப்பித் தவறி உலோக உடலைத் தொட்டுவிட்டால் மின்னோட்டம் மனித உடலின் வழியே போகாமல் மண்ணுக்குள் இறங்க அமைக்கப்படும் வழி. நூல்களில் இது மிக எளிது: செப்புப் பூசிய தண்டொன்றை மண்ணில் அடித்து இறக்கினாற் போதும். ஆனால் வலிகாமத்திற் பல இடங்களிற் செம்மண் சில அடி ஆழத்தில் முடிந்து சுண்ணாம்புக்கல் தொடங்கிவிடும். அலவாங்கே பின்வாங்கும் அந்நிலத்தில் தண்டு வளையுமேயன்றி இறங்காது. இறங்காத பாதியை அறுத்தெடுத்துவிட்டு மேலே சீமெந்து பூசி மெழுகிவிட்டால் பார்வைக்குக் குறையொன்றும் இராது. முழுதாக இறங்கிய தண்டுங்கூட மாரி ஈரத்தில் நன்றாகவும், சோளகக் காற்றில் மண் வறளும் மாதங்களிற் குறைவாகவும் தொழிற்படும். மண்ணின் ஈரம் குறையத் தடை கூடும் என்பது இதன் காரணம். மழைக்காலத்தில் அளந்த தடையை ஆண்டு முழுமைக்கும் நம்பியிருப்பது, தை மாதத்துக் கிணற்று நீர்மட்டத்தைக் கொண்டு ஆடி மாதத் தோட்டத்துக்குத் தண்ணீர்க் கணக்குப் போடுவது போன்றதாகும்.

இக்குறையை ஓரளவு ஈடுசெய்வது ட்ரிப் சுவிச். உயிர்க் கம்பியிற் போன மின்னோட்டம் நொதுமல் வழியே முழுவதாகத் திரும்பாமல் 30 மில்லி அம்பியர் அளவு குறைந்தாலும் கண் இமைக்கும் நேரத்திற் சுற்றைத் துண்டிக்கும் கருவி அது. புலம்பெயர்ந்தோர் கட்டிப் பூட்டிச் சென்ற வீடுகள் நல்லூர்த் திருவிழாவின் 25 நாட்களுக்காகத் திறக்கப்படுகையில், பதினொரு மாதம் உறங்கிய போறணையைப் போட்ட மாத்திரத்திலேயே ட்ரிப் சுவிச் விழுந்துவிடுவதுண்டு. வெப்பச் சுருளுக்குள் அடைக்கப்பட்டிருக்கும் மக்னீசியம் ஒட்சைட்டுப் பொடி காற்றின் ஈரத்தை உறிஞ்சிக்கொள்வது இதற்கு வழமையான காரணம். மின்பணியாளர் சோதித்து, சுருளை உலர்த்தினாலோ மாற்றினாலோ தீரும் குறை அது. ஊரிற் கைகண்ட வைத்தியம் வேறு: ட்ரிப் சுவிச்சைச் சுற்றிப் போக ஒரு கம்பி கொடுத்துவிடுவது. குரைத்துத் தூக்கத்தைக் கெடுத்த நாயைக் கொன்றுவிட்டு, படலையையும் திறந்துவைத்துப் படுக்கும் கெட்டித்தனம் இதற்கு உவமை.

கனடாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் மனுதாரரின் மைத்துனர் தனிக்குறிப்புக்கு உரியவர். வட அமெரிக்கக் குக்கர் இரு உயிர்க் கம்பிகளை எதிர்பார்க்கும். அவற்றிடையே 240 வோல்ற், ஒவ்வொன்றுக்கும் நொதுமலுக்கும் இடையே 120 வோல்ற். தட்டுகள் முன்னையதில் இயங்க, போறணை விளக்கும் மணிக்கூடும் பின்னையதில் இயங்கும். குடாநாட்டு வீட்டுக்கு வருவது ஒரே உயிர்க் கம்பி, நொதுமலுக்கு எதிராக 230 வோல்ற். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதானே என்று தொடுத்துவிட்டால் தட்டுகள் சூடேறும், விளக்கும் மணிக்கூடும் இருமடங்கு அழுத்தத்திற் கருகும். கருகாமல் தப்பிய பழைய மணிக்கூடும் 60 ஹேர்ட்ஸ் துடிப்பை எண்ணிப் பழகியது என்பதால் இங்குள்ள 50 ஹேர்ட்ஸில் மணிக்குப் பத்து நிமிடம் பிந்தும். யாழ்ப்பாண நேரத்துக்குத் திருத்தி வைத்தாலும், கோடையில் ஒன்பதரை மணித்தியாலம் பின்தங்கியிருக்கும் ரொறன்ரோ நேரத்துக்கு அது 57 மணித்தியாலங்களில் தானாகவே திரும்பிவிடும். ஊர் நினைவு என்பது மனிதருக்கு மட்டும் உரியதன்று போலும்.

பராமரிப்பிற் பெரும்பகுதி பாத்திரத்திலேயே தொடங்குகிறது. சூட்டுத் தட்டு தொட்ட இடத்துக்கே சூட்டைக் கொடுக்கும். உருண்டை அடியுள்ள மண்சட்டியும் கூழ்ப்பானையும் தட்டை ஒரு நாணயமளவுக்குத் தொட்டு நிற்க, மிச்ச வெப்பம் குசினிக்குப் போய், மின்மானி மட்டும் நிற்காமற் சுழலும். ஒடியற் கூழுக்கு விறகடுப்பை விட்டுவைப்பதே அறிவு. தட்டையடிப் பானையில் நீத்துப்பெட்டியை வைத்து அவிக்கும் புட்டுக்கு மனுதாரரிடம் மறுப்பில்லை. குடாநாட்டுக் கிணற்று நீர் சுண்ணாம்புக்கல்லின் பிள்ளையாகையாற் பொங்கி வழிந்து காய்ந்தால் தட்டைச் சுற்றி வெள்ளை வளையமாக இறுகிவிடும். மின்னை நிறுத்தித் தட்டு ஆறிய பிறகு, எலுமிச்சைச் சாறு தோய்த்த துணியாற் சிறிது நேரம் ஊறவைத்துத் துடைத்தாற் போகும். இரும்புத் தட்டுகளைக் கழுவியபின் ஈரத்தோடு விடலாகாது, சற்றே சூடேற்றி உலர்த்த வேண்டும்; பருத்தித்துறையிலும் காரைநகரிலும் உப்புக் காற்று மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். போறணைக் கதவைத் திறந்து அதன்மீது பாரத்தை வைத்தாலோ குழந்தை ஏறினாலோ மனுதாரர் முன்பக்கமாகக் கவிழ்வார். அதைத் தடுக்கச் சுவரோடு பிணைக்கும் உலோகக் கொளுவி பல வகைக் குக்கர்களின் பொதிப்பெட்டியிலேயே வருகிறது, பல வீடுகளில் அது திருகாணிகளோடு அதே பொலித்தீன் பையில், உத்தரவாத அட்டைக்குத் துணையாக, அலுமாரியிற் பத்திரமாக உள்ளது.

இதுவரை கூறியவை மனுதாரரும் வீட்டாரும் தம்முள் தீர்த்துக்கொள்ளக்கூடியவை. இனிக் கூறப்படுவது சபையாரின் பங்கு. விறகு அணைந்தால் அணைந்ததுதான். மின் நின்றாலோ தட்டைத் திருப்பும் குமிழ் போட்டபடியே இருக்கும். மின் போனதும் வீட்டார் மெழுகுதிரியைத் தேடுவர், பாதி வெந்த கறியை இறக்கி வைப்பர், காற்றுக்கு விறாந்தைக்கு வருவர். குளிர்ந்துவிட்டதாகத் தோன்றும் தட்டின்மேல் கைத்துணியோ பிளாஸ்ரிக் தட்டோ சுளகோ போய் உட்காரும். ஆளில்லாத குசினிக்குள் மின் சொல்லாமல் திரும்பும் அந்தக் கணமே மனுதாரரின் வாழ்க்கையில் மிக ஆபத்தான கணம்.

தொண்ணூறுகளிற் குடாநாடு தேசிய மின்வலையிலிருந்து துண்டிக்கப்பட்டு, ஜாம் போத்தலுக்குள் சிறிது மண்ணெண்ணெய் விட்டுத் திரி கொளுத்திப் பிள்ளைகள் படித்த காலத்தில் மின்சாரக் குக்கரால் ஒரு வீட்டிலும் தீப்பற்றியிருக்க முடியாது. பாதுகாப்புக்கான விருது ஏதும் வழங்கப்படுமாயின் சபையார் அவ்வாண்டுகளைக் காட்டி அதைக் கோரலாம். 2021இன் இறுதியில் நாடெங்கும் எரிவாயுச் சிலிண்டர்களும் அடுப்புகளும் வெடித்த செய்திகளும், 2022 ஏப்பிரலில் 12.5 கிலோ சிலிண்டரின் விலை 2,675 ரூபாவிலிருந்து 4,860 ரூபாவுக்கு ஏறியதும் சேர்ந்து வீட்டாரை மனுதாரர் பக்கம் தள்ளின. அதே ஆண்டு மார்ச் 31ஆம் திகதிக்குப் 13 மணித்தியால மின்வெட்டு அறிவிக்கப்பட்டிருந்தது. ஓகஸ்டில் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாகவும், மின்கட்டணம் சராசரி 75 வீதத்தாலும் உயர்ந்தன. 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதம். எதில் சமைத்தாலும் கை சுடும் என்னும் சமத்துவம் அவ்வாண்டுகளில் முழுமையாக நிறைவேறியது.

பின்னர் 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை முற்பகல், வாரத்திற் குசினி மிகக் கடுமையாக உழைக்கும் வேளையில், நாடு முழுவதும் மின் நின்றது; பாணந்துறை உபமின் நிலையத்திற் குரங்கொன்று புகுந்ததே காரணம் என அமைச்சர் அறிவித்தார். இராமாயணத்தில் ஒரு குரங்கு இலங்கைக்குத் தீ வைத்ததாகவே இதுவரை அறியப்பட்டிருந்தது. அணைத்த குரங்கு இதுவே முதலாவது. இரண்டு மாதங்கள் கழித்து, சித்திரைப் புத்தாண்டு விடுமுறையில், மின்தேவை குறைந்து சூரிய மின் மிகையாகிவிட்டதால் கூரைச் சூரியப் பலகைகளைப் பகலில் நிறுத்தி வைக்குமாறு வேண்டப்பட்டது. நண்பகலில் மிகையாக நிற்கும் மின்னை உண்டு தீர்க்க 10 கிலோவாற் வயிற்றோடு மனுதாரர் காத்திருந்தார் என்பதும், அன்று அவரை எவரும் விருந்துக்கு அழைக்கவில்லை என்பதும் பதிவுக்காகக் குறிக்கப்படுகின்றன.

எனவே, மின்னை நிறுத்தும் நேரத்தை மட்டுமன்றி மீட்கும் நேரத்தையும் முன்கூட்டி அறிவிக்குமாறும், புதிய இணைப்பு வழங்கும்போது புவித்தொடுப்பின் தடையை ஒருமுறையும் அடுத்த வறட்சியில் மறுமுறையும் அளந்து கொடுக்குமாறும், மிகை மின் உள்ள நண்பகல்களிற் சூரியப் பலகையை நிறுத்தச் சொல்வதற்கு முன் போறணையைப் போடச் சொல்லுமாறும் சபையார் பணிவுடன் வேண்டப்படுகின்றனர். இவை நிறைவேறும் வரையில், மின் நின்ற மறுகணமே குமிழ்கள் அனைத்தையும் பூச்சியத்துக்குத் திருப்பி, இருமுனைச் சுவிச்சையும் நிறுத்திவிட்டு, அதன் பிறகே மெழுகுதிரியைத் தேடுமாறு குடாநாட்டு வீட்டார் கேட்டுக்கொள்ளப்படுகின்றனர்.

பிரதி: பாணந்துறை உபமின் நிலையத்துக் குரங்கு, தகவலுக்காக.