மதராஸில் இறங்கிய ஜெர்மன் ஓவியர்

கேள்வி: ஜெர்மானிய ஓவியர் சோஃபனிக்கும் நம் ஊருக்கும் என்ன உறவு? (வாசகர், தரமணி)

பதில்: கப்பல் உறவுதான். 1733-ல் ஃபிராங்க்ஃபர்ட் அருகே பிறந்த யோஹான் சோஃபனி, லண்டனில் அரச குடும்பத்தையே வரைந்து பெயரெடுத்தவர். 1783-ல் மதராஸில் இறங்கி, கல்கத்தாவுக்கும் லக்னோவுக்கும் போனார். லக்னோ சேவல் சண்டையை வரைந்த படம் லண்டன் டேட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கூட்டத்தின் நடுவே கைகளை விரித்து நிற்பவர் அவத் நவாப் ஆசஃப்-உத்-தௌலா. கர்னல் போலியே என்ற ராணுவ அதிகாரி நண்பர்களோடு இருக்கும் படம் கல்கத்தா விக்டோரியா நினைவகத்தில். அதே ஊரில் புனித யோவான் தேவாலயத்தில் தொங்கும் 'கடைசி இராவுணவு' (1787) தனி அழகு: இயேசுவின் பந்தியருகே நம்மூர் எச்சில் படிக்கம், தண்ணீர்த் தோல்பை! 1789-ல் கப்பலேறியவர், 1810-ல் இங்கிலாந்தில் மறைந்தார்.