பிரேக் மகாத்மியம்

சமவெளிவாசிகளுக்கு மோட்டார் என்பது ஓடுவதற்காக ஏற்பட்ட யந்திரம். நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு இறங்கும் எங்களுக்கோ அது நிற்பதற்காக ஏற்பட்டது, ஓடுகிற காரியத்தை மலையே பார்த்துக்கொள்ளும். அப்படியிருந்தும், எஞ்சினைப் பற்றி நாலு பேர் கூடிய இடத்தில் பிரசங்கம் செய்யும் கனவான்களில் ஒருவராவது தம்முடைய பிரேக்கைச் சொல்லி மார்தட்டிக் கேட்ட பாக்கியம் எனக்குக் கிட்டியதில்லை.

இத்தனைக்கும் 1868 மீற்றர் உயரத்திலிருந்து 500 மீற்றருக்குள் வந்து சேரும் அந்த இறக்கத்தில், நான்கு ஆத்மாக்களையும் ஒரு மூட்டை லீக்ஸையும் சுமந்துவரும் என் பழைய மாருதி 800 உண்டாக்கும் உஷ்ணம் முழுவதையும் பிரேக்கே ஏற்றுக்கொள்ளுமானால், அதைக்கொண்டு 30 லீட்டருக்கு மேற்பட்ட தண்ணீரைக் கொதிக்கவைத்து ஒரு லயம் முழுவதற்கும் பிளேன்டீ ஊற்றிவிடலாம். ஈரத்தை உறிஞ்சிப் பழசாகிப்போன பிரேக் ஒயில் அந்தச் சூட்டில் தானும் கொதித்துக் குமிழிவிடுமாதலால், பெடல் பஞ்சாக அமுங்கி, வண்டியிலுள்ள நாஸ்திகர்களும் முருகனைக் கூப்பிட நேரும். அதற்காகத்தான் இரண்டாம் கியரில் இறங்கு என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள்.

சென்ற மாரியில் என் வண்டியின் முன் சில்லிலிருந்து கீச்சென்றொரு குரல் புறப்பட்டது. எங்கள் தோட்டத்தில் வைத்தியத்துக்கு ஆள் கிடைக்காவிட்டாலும் அபிப்பிராயத்துக்குப் பஞ்சமில்லை. கணக்கப்பிள்ளை பெயாரிங் என்றார், பூசாரி எலுமிச்சம்பழம் என்றார், முப்பது வருஷம் கொழுந்து லொறி ஓட்டி ஓய்ந்த பெரியவரோ, "மொரிஸ் மைனர் காலத்துல இந்தச் சத்தமெல்லாம் ஏது மாஸ்டர்!" என்று பெருமூச்செறிந்தார். வாஸ்தவந்தான். அந்த மொரிஸ் மைனருக்கு நான்கு சில்லிலும் டிரம் பிரேக். லைனர் தேய்ந்த சமாசாரம், வண்டி நிற்காமல் போகும்போதுதான் சொந்தக்காரனுக்குத் தெரியவரும். இக்காலத்து டிஸ்க் பிரேக்கின் பேடில், தேய்மானம் எல்லை மீறியதும் டிஸ்க்கை உரசிக் கூச்சலிடுவதற்கென்றே ஒரு சிறு தகட்டு நாக்கை வைத்திருக்கிறார்கள். ஆபத்து வருமுன்னே அலறுகிற நாக்கு மனிதர்களிலேயே அபூர்வம்.

அட்டனில் நான் நம்பிப் போகும் கராஜ் பாஸ், பின் சில்லுக்குக் கல் வைக்காமல் ஜாக்கைத் தொடமாட்டார். வண்டி தரையில் நிற்கும்போதே நட்டுகளை இளக்கி, பிறகு தூக்கிச் சில்லைக் கழற்றி, கலிப்பரை அதன் ஒயில் குழாயில் தொங்கவிடாமல் ஒரு கம்பியால் பக்குவமாகக் கட்டிவைத்து, பேடுகளை உருவி என் உள்ளங்கையில் வைத்தார். புதிதில் 10 மில்லிமீற்றர் கனத்துக்குக் குறையாமல் இருந்திருக்கவேண்டிய வஸ்து, வெளிப்பேடில் மூன்றாகவும் உள்பேடில் ஒன்றாகவும் க்ஷீணித்திருந்தது. கலிப்பர் நகரும் ஊசிகள் கிரீஸ் காய்ந்து இறுகிக்கொண்டதால், உள்ளே இருந்த ஏழை ஒருவனே இருவர் வேலையையும் செய்திருக்கிறான்.

"ஒரு பக்கம் மட்டும் மாத்தினா போதாதா, பாஸ்?" என்று, பணப்பையின் சார்பில் கேட்டுப் பார்த்தேன்.

"ஒரு கால்ல மட்டும் சப்பாத்துப் போட்டு நடப்பீங்களா, மாஸ்டர்?"

அவர் அறிந்து சொன்னாரோ அறியாமல் சொன்னாரோ, சப்பாத்துக்கும் பிரேக்குக்கும் பூர்வ பந்தம் ஒன்று உண்டு. இங்கிலாந்தின் டார்பிஷயர் குன்றுகளில் வண்டியோட்டிய குடியானவர்கள் தங்கள் மரக்கட்டைப் பிரேக்கின்மேல் பழைய சப்பாத்தைக் கட்டியிருந்ததைப் பார்த்துத்தான் ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் பிரேக் உராய்வுப் பொருள்களைப் பற்றிய ஆராய்ச்சியில் இறங்கி, 1897இல் ஃபெரோடோ கம்பெனிக்கு அஸ்திவாரம் போட்டார் என்பார்கள். நம் மலைகளுக்கும் அத்தேசத்திலிருந்து தொரைமார் சப்பாத்துக் காலோடுதான் வந்தார்கள். அந்தச் சப்பாத்துகளுக்கு இப்படியொரு உத்தமமான உபயோகம் இருப்பது இங்கே ஒருவருக்கும் தோன்றாமற் போயிற்று.

ஊசிகளுக்குக் கிரீஸ் தடவி, பிஸ்டனைக் கிளாம்பால் மெல்ல உள்ளே தள்ளி, மேலே கிண்ணத்தில் ஏறிவந்த ஒயில் பொங்கிப் பெயின்டைத் தின்றுவிடாமல் உறிஞ்சியெடுத்து, இரு பக்கமும் புதுப் பேடுகளைப் பொருத்திய பின், பெடல் கெட்டிப்படும்வரை மிதிக்கச் சொன்னார். முதல் மிதியில் அது தரைமட்டும் போனபோது என் பிராணனும் கூடவே போய்வந்தது.

காசை வாங்கிக்கொண்டு பாஸ் சொன்னார்: "புதுப் பேட் டிஸ்க்கோட படியணும் மாஸ்டர். கொஞ்ச நாளைக்கு அழுத்தி பிரேக் பிடிச்சிடாதீங்க."

டிக்கோயாவுக்கு இறங்கிப் போகவேண்டிய ஒருவனிடம், அட்டனில் நின்றுகொண்டு சொல்லக்கூடிய வார்த்தையா இது? "அப்ப வீட்டுக்கு எப்படிப் போறது, பாஸ்?" என்றேன்.

"ஏத்தமா இருக்கிற பக்கம் பார்த்துப் போங்க" என்று சொல்லிவிட்டு, அவர் அடுத்த வண்டிக்குக் கல் வைக்கப் போனார்.