பொருள்வயிற் கூடல்: பழைய காதலர் பங்குதாரர் ஆகும் துறை குறித்து ஓர் ஆராய்ச்சி

தலைவன் பணம் தேடிப் பிரிவதைப் பாடுவதற்குத் தமிழில் என்றுமே ஆள் பஞ்சம் இருந்ததில்லை. அகநானூற்றின் 400 பாடல்களில் ஒற்றைப்படை எண் கொண்டவை அனைத்தும் பாலை. அதாவது சரிபாதி, 200 பாட்டு. கூடலுக்குரிய குறிஞ்சிக்கு வெறும் 80. அந்தப் பாலைத் தலைவர்களில் பெரும்பாலோர் கிளம்பச் சொல்லும் காரணம் வீட்டில் பணம் இல்லை என்பதுதான். இலக்கணிகள் இதற்குப் பொருள்வயிற் பிரிவு என்று பெயரிட்டுத் தனித்துறை ஆக்கினர். சரி. பிரிந்த அந்த இருவரும் பத்து வருடம் கழித்து, அதே பொருளுக்காக மீண்டும் சந்தித்து, ஆளுக்குப் பாதி முதல் போட்டு, கரண்ட் அக்கவுண்ட் திறந்து, இட்லி மாவு வியாபாரம் தொடங்கினால் அது எந்தத் திணை? தொல்காப்பியர் இதைப் பற்றி மூச்சு விடவில்லை. அவர் விட்ட இடத்தை நிரப்புவதே இக்கட்டுரையின் நோக்கம். துறைக்குப் பொருள்வயிற் கூடல் என்று பெயர் சூட்டுகிறோம்.

முதலில் பரப்பு. அன்பின் ஐந்திணையில் ஒருவர் பெயரையும் சுட்டக்கூடாது என்பது மரபு. வருமான வரித்துறையும் படிக்கக்கூடும் என்பதால் நாமும் அதையே பின்பற்றித் தலைவன், தலைவி என்றே எழுதுவோம். எடுத்துக்காட்டுக்கு ஊர் கோயம்புத்தூர் என்க. தலைவியிடம் மாவு அரைக்கும் கூடம். தலைவனிடம் இரண்டு டெம்போவும் மளிகைக் கடைகளின் லைனும். இருவரும் ஒரே கல்லூரி. மூன்றாம் ஆண்டில் பிரிந்தவர்கள். இருவரில் எவருக்கேனும் இடையில் மணமாகி, அம்மணம் நீடிக்குமாயின் அது பெருந்திணை. அதை ஆராயும் துணிவு நமக்கில்லை.

முன்னோடி உண்டா என்று தேடினால் கோவலனும் கண்ணகியும் அகப்படுகிறார்கள். மாதவியை விட்டுத் திரும்பிய கோவலன், முன்னோர் தேடிய செல்வத்தை அழித்துவிட்டேனே என்று நாணுகிறான். சிலம்பு இருக்கிறது என்கிறாள் கண்ணகி. அதையே முதலாக வைத்து மதுரையில் வணிகம் செய்து இழந்ததை மீட்கலாம் என்று அவன் சொல்ல, விடியுமுன் இருவரும் ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். இரண்டாம் வாய்ப்பும் தொழிற்கூட்டும் ஒரே மூச்சில் முடிவான நிகழ்வு இது. உரையாசிரியர்கள் இதைக் கற்பின் சிறப்பாகப் படித்தார்கள். ஆடிட்டர் ஒருவர் படித்தால் வேறு மாதிரி இருக்கும். ஒப்பந்தப் பத்திரம் எழுதப்படவில்லை. முதல் முழுக்கத் தலைவியுடையது, ஆனால் அவளை மாதரி வீட்டில் உட்கார வைத்துவிட்டுத் தலைவன் மட்டும் விற்கப் போகிறான். விற்றுத் தர முன்வந்த பொற்கொல்லனைப் பற்றி எவரும் விசாரிக்கவில்லை. அரசியின் சிலம்பைத் திருடியவனே அவன்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, சரக்கு விவரம் இல்லை. கண்ணகியின் சிலம்பில் பரல் மாணிக்கம், கோப்பெருந்தேவியின் சிலம்பில் முத்து. ‘உள்ளே மாணிக்கம்’ என்று ஒரு டெலிவரி சலானில் எழுதியிருந்தால் வழக்கு பாண்டியன் அவைக்கே போயிருக்காது. இளங்கோவடிகள் ஊழ்வினை என்று முடித்துவிட்டார். இன்டர்னல் கன்ட்ரோல் போதாது என்பதே நம் முடிபு.

மேலைநாட்டில் 1817 இறுதியில் வெளிவந்த ஜேன் ஆஸ்டினின் ‘பெர்சுவேஷன்’ நாவல் இத்துறைக்கு அருகில் வருகிறது. கையில் காசில்லை என்று தலைவி வீட்டார் பிரித்த கடற்படைக்காரர், எட்டு ஆண்டுகளுக்குப் பின் எதிரிக் கப்பல்களைப் பிடித்துச் சம்பாதித்த 25,000 பவுண்டுடன் திரும்புகிறார். சுத்தமான பொருள்வயிற் பிரிவு. ஆனால் இருவரும் சேர்ந்து எந்தத் தொழிலும் செய்யவில்லை என்பதால் மேற்கோளாக மட்டும் நிற்கட்டும். தமிழ்ப் படங்களில் பழைய காதலர்கள் பள்ளிக்கூட ஒன்றுகூடலில் சந்திப்பார்கள், கல்யாண வீட்டில் சந்திப்பார்கள், விமான நிலையத்தில் சந்திப்பார்கள். மாவட்டப் பதிவாளர் அலுவலக வராந்தாவில் சந்தித்ததில்லை. 2018இல் வந்த ‘96’இன் ராமும் ஜானுவும் ஒரு கூட்டு நிறுவனம் தொடங்கியிருந்தால் மாதம் இருமுறையாவது பேசித் தீர வேண்டிவந்திருக்கும்; ஜானுவுக்கு மணமாகிவிட்டதால், மேற்சொன்ன விதிப்படி, அந்த யோசனை தள்ளுபடி.

இனித் திணை இலக்கணம். நிலம்: மாவு பாக்கெட் அடுக்கும் கோல்ட் ரூமும் அது சார்ந்த இடமும். பெரும்பொழுது மார்ச். சிறுபொழுது ஒவ்வொரு மாதமும் 20ஆம் தேதி முன்னிரவு. ஜிஎஸ்டிஆர்-3பி தாக்கலுக்குக் கடைசி நாள். தெய்வம், அந்நேரத்தில் எவ்வளவு வேண்டினாலும் திறக்காத போர்ட்டல். பறை, கிரைண்டர் சத்தம். கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு என்பதால் நிலமும் கருப்பொருளும் மிகப் பொருத்தம். புள், கோடவுன் ஓட்டுப் புறா. உணவு, விற்காமல் திரும்பி வந்த மாவில் வார்த்த ஊத்தப்பம். உரிப்பொருள்தான் முக்கியம். குறிஞ்சிக்குப் புணர்தல், மருதத்துக்கு ஊடல் என்பதுபோல் இத்திணைக்கு உரியது கணக்கு ஒத்துப்பார்த்தலும் ஒத்துப்பார்த்தல் நிமித்தமும்.

இதற்கு நூற்சான்று 1932ஆம் ஆண்டின் இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். அதைத் தொழில் சட்டமாகவே படித்துக் கெடுத்துவிட்டார்கள். களவியல், கற்பியலுக்குப் பின் வைத்துப் படிக்க வேண்டிய நூல் அது. பங்குதாரர்கள் ஒருவருக்கொருவர் நேர்மையாகவும் விசுவாசமாகவும் இருந்து, உண்மையான கணக்கையும் முழு விவரத்தையும் தர வேண்டும் என்கிறது 9ஆம் பிரிவு. கல்லூரிக் காலத்தில் ‘நேத்து சாயங்காலம் எங்க போன?’ என்று தலைவி கேட்டபோது, பதில் சொல்லத் தலைவனைக் கட்டாயப்படுத்த எந்தச் சட்டமும் இல்லை. இப்போது டீசல் பில்லோடு சொல்கிறான். கூட்டில் இருக்கும்வரை வேறு தொழில் பார்க்கக்கூடாது என்று ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம் (பிரிவு 11). புத்தகங்களைத் திறந்து பார்க்கவும் நகலெடுக்கவும் இருவருக்கும் உரிமை (பிரிவு 12). அன்று போனின் லாக்கைத் திறக்கச் சொன்னதற்கே நான்கு நாள் பேச்சில்லாமல் இருந்தவர்கள் இவர்கள். எல்லோரும் சம்மதிக்காமல் புதிய பங்குதாரரைச் சேர்க்க முடியாது (பிரிவு 31). தலைவியின் அத்தை மகன் விஷயத்தில் இப்பிரிவு அன்றே நடைமுறையில் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை வந்திராது. காலவரை குறிக்காத கூட்டைக் கலைக்க எழுத்தில் நோட்டீஸ் தர வேண்டும் (பிரிவு 43). முதல் பிரிவின்போது தலைவன் தந்த நோட்டீஸ், நம்பரை பிளாக் செய்தது மட்டுமே.

45ஆம் பிரிவில்தான் நம் ஆய்வின் உயிர்நிலை இருக்கிறது. கூட்டு கலைந்தாலும் பொது அறிவிப்புத் தரும்வரை, மூன்றாமவரைப் பொறுத்தமட்டில் பங்குதாரர்களின் பொறுப்பு தொடரும் என்பது அதன் கருத்து. தலைவனும் தலைவியும் பிரிந்ததை யாரும் கெஜட்டில் போடவில்லை. அதனால்தான் பழைய வகுப்புத் தோழர்கள் பத்து ஆண்டுகளாகத் தலைவனைக் கண்ட இடமெல்லாம் “அவ எப்படிரா இருக்கா?” என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள். சட்டப்படி அக்கேள்வி செல்லும். அவனும் விசாரித்து வைத்துக்கொண்டு பதில் சொன்னான். இது இரண்டாம் வாய்ப்பே அல்ல, முறைப்படி கலைக்கப்படாத முதல் வாய்ப்பு என்று ஒரு சாரார் வாதிப்பதற்கும் இதுவே ஆதாரம். நச்சினார்க்கினியர் இருந்திருந்தால் எங்கோ கிடக்கும் 69ஆம் பிரிவையும் இழுத்து வந்து இதனோடு கொண்டுகூட்டியிருப்பார். பதிவு செய்யாத நிறுவனம் தன் ஒப்பந்த உரிமைக்காக வழக்குப் போட முடியாது என்பது அப்பிரிவு. களவுக் காதலின் நிலை அப்படியே அதுதான். பொய்யும் வழுவும் தோன்றிய பிறகே சடங்குகள் வகுக்கப்பட்டன என்று தொல்காப்பியரும் காரணம் சொல்கிறார். தமிழ்நாட்டில் திருமணத்தையும் கூட்டு நிறுவனத்தையும் பதிவு செய்வது ஒரே பதிவுத்துறை. 2009ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பிறகு திருமணப் பதிவு கட்டாயம், நிறுவனப் பதிவு இன்றும் விருப்பம். நம் தலைவியோ விருப்பமானதைத்தான் முதலில் செய்யச் சொன்னாள்.

முதல் முறை ஏன் முறிந்தது என்பதைக் குறளின் அமைப்பே காட்டும். அறத்துப்பாலுக்கு 38 அதிகாரம், பொருட்பாலுக்கு 70, காமத்துப்பாலுக்கு 25; வரிசையும் அதே. கல்லூரியில் இவர்கள் நூலைப் பின்னாலிருந்து திறந்தார்கள். 25 அதிகாரத்தை மூன்று வருடத்தில் முடித்துவிட்டுப் பொருளுக்கு வந்தபோது கையில் ஒன்றும் இல்லை; அறம் என்று மிஞ்சியதைத் தலைவியின் அப்பா போனில் சொன்னார். இப்போது பத்திரத்தில் அறம் வந்துவிட்டது, பேங்கில் பொருள் வந்துவிட்டது. அந்த 25இலும் கடைசி மூன்று அதிகாரங்களை வள்ளுவர் ஊடலுக்கே ஒதுக்கியிருப்பதால், மாவு புளித்ததற்கு யார் பொறுப்பு என்ற சண்டையை நாம் முன்னேற்றமாகவே கொள்கிறோம்.

சான்றாக ஓர் உரையாடல். இரவு பதினொன்று, தேதி 20. போர்ட்டலில் பதிவான நம்பர் தலைவனுடையது, லேப்டாப் தலைவியிடம்.

“ஓடிபி வந்துச்சுங்களா?”

“வந்துச்சு. நாலு, ஏழு, ரெண்டு... சாப்டீங்களா?”

“இன்னும் மூணு நம்பர் பாக்கி இருக்குதுங்க. அதச் சொல்லிட்டுக் கேளுங்க.”

“ஒம்பது, ஒண்ணு, ஆறு.”

“சாப்டாச்சு. நீ?”

ஆய்வாளர்கள் இக்கடைசிச் சொல்லைத் திரும்பத் திரும்பக் கேட்க வேண்டும். வேறு மாவட்டமாக இருந்தால் ‘நீங்க’விலிருந்து ‘நீ’க்கு இறங்குவதை வைத்தே நாள் குறித்துவிடலாம். கொங்கு நாட்டில் சோறு ஊட்டும் குழந்தையிடமே ‘ங்க’ போடுவார்கள் என்பதால் மரியாதை இருப்பதை வைத்து ஒன்றும் அளக்க முடியாது. மரியாதை காணாமல் போவதே கணக்கு. மேலும், ஓடிபி சில நிமிடங்களில் காலாவதியாகிவிடும். இவர்கள் அதற்கு அப்புறமும் முக்கால் மணி நேரம் பேசியிருக்கிறார்கள்.

இது காதல் அல்ல, வெறும் வியாபாரம் என்று மறுப்போர் உண்டு. வியாபாரம்தான். இருவரும் சேர்ந்து பெற்ற நிறுவனத்துக்குத் தனி பான் எண் இருக்கிறது. அதன் நான்காம் எழுத்து எஃப். தன் லாபத்துக்கு 30 சதவீத வரியைத் தானே கட்டுகிறது. பிறந்த வருடமே சொந்தக் காலில் நின்று வரி கட்டும் பிள்ளையை எந்தக் காதல் தந்திருக்கிறது? முதலுக்கு 12 சதவீதத்துக்கு மேல் வட்டி கொடுத்தால் அதைச் செலவாகக் கழிக்க வருமான வரித்துறை விடாது. ஆகவே இந்த உறவில் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வழியில்லை.

எஞ்சியது வாயில்கள். மருதத்தில் ஊடிய தலைவியிடம் பாணனும் தோழியும் தூது போவார்கள். அவள் கதவடைத்தால் அது வாயில் மறுத்தல். இங்கே அப்பணி ஆடிட்டருடையது. “மேடம், சார் பக்கம் ரெண்டு பில் வரல. நீங்களே ஒருக்கா கேட்டுருங்களேன்” என்று அவர் சொல்வது கணக்குக்காகவா, வேறெதற்காகவா என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. பில்களை அவரே தலைவனிடம் கேட்டு வாங்கியிருக்கலாம்; நம்பர் அவரிடமும் இருக்கிறது. சங்கத் தோழி எதையும் எதிர்பாராமல் தூது போனாள். இவர் ஆண்டுக் கடைசியில் பில் அனுப்புவார், 18 சதவீத ஜிஎஸ்டி தனி.