மயன் மாமாவும் மணி மண்டபமும்

ராஜபாளையத்து அண்ணாச்சி ஒருவர் மெக்சிகோ போய்வந்தார். மாயன்கள் கட்டிய சிச்சென் இட்சா பிரமிடில் பக்கத்துக்கு 91 படி, நாலு பக்கம், உச்சி மேடையையும் சேர்த்தால் 365, அப்படியே வருஷக் கணக்கு என்று விரல் மடக்கிச் சொன்னார். படியேற விடாமல் கயிறு கட்டித் தள்ளி நிறுத்திவிடுகிறான் என்றபோது மட்டும் குரல் இறங்கியது. ஏற விட்டிருந்தால் பேரை எழுதிவிட்டு வந்திருப்பார்.

"மாயன்னா வேற யாருமில்ல தம்பி, நம்ம புராணத்துச் சிற்பி மயன்தான். கணபதி ஸ்தபதியே சொல்லியிருக்காரு."

ஸ்தபதி சொன்னது வாஸ்தவம். அங்கே இன்றைக்கும் லட்சக்கணக்கான பேர் மாயா மொழி பேசுகிறார்களே, அவர்களிடம் கேட்டீர்களா? கேட்கவில்லையாம். செல்ஃபிக்கே நேரம் போதவில்லையாம்.

சரி, மயன் நமக்கு மாமனாகவே இருக்கட்டும். கடல் தாண்டிப் போய் உறவு கொண்டாடுகிற ஜனம் வீட்டு வாசலில் என்ன செய்கிறது? ஸ்ரீவில்லிபுத்தூர் ஆண்டாள் கோயில் பூசை மணி கேட்காமல் திருமலை நாயக்கர் சோற்றில் கைவைக்க மாட்டார், அந்த ஓசையை மதுரை வரை கைமாற்றிவிட வழிநெடுக மணி மண்டபம் கட்டினார் என்று நம் பக்கம் சொல்வார்கள். எழுபது கிலோமீட்டருக்கு மேல் மணியோசையிலேயே தந்தி! மெக்சிகோக்காரனிடம் இருந்தால் டிக்கெட் கிழித்திருப்பான். இங்கே மிச்சமிருக்கும் மண்டபத்தில் அரசங்கன்று கல்லைப் பிளக்கிறது. தூணில் அம்பு தைத்த இதயம். நாயக்கருக்குச் சோற்றுக்கு மணி. நம்மவனுக்குக் குவார்ட்டருக்குக் கூரை. ஸ்ரீவில்லிபுத்தூருக்குள் இருக்கும் நாயக்கர் மகாலிலாவது முன்பு கோர்ட்டு நடந்தது. வாய்தா வாங்க வந்தவனாவது அண்ணாந்து பார்த்திருப்பான்.

அரசு முத்திரையில் இருப்பது எங்கள் கோபுரம்தான் என்று ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரன் மார்தட்டுவான். இல்லை, மீனாட்சி கோயில் மேலக்கோபுரம் என்று மதுரைக்காரன் மல்லுக்கு நிற்பான். இரண்டு ஊருக்கும் நடுவே இடிந்து கிடக்கிற மண்டபத்துக்கு மல்லுக்கு நிற்க நாதியில்லை. புராதனச் சின்னங்களுக்கென்று தமிழ்நாட்டில் 1966-லேயே சட்டம் போட்டாயிற்று, சட்டம் சௌக்கியம். பக்கத்துச் சத்திரப்பட்டியில் ஊர் உலகத்துக்கெல்லாம் பேண்டேஜ் துணி நெய்கிறோம். வாசல் காயத்துக்குச் சுற்ற ஒரு முழம் மிஞ்சுவதில்லை.

போன வாரம் மதுரையில் ஒரு கல்யாணத்துக்கு அண்ணாச்சி காரிலேயே போனேன். வழியில் ஒரு மண்டபத்தருகே வண்டியை நிறுத்தச் சொன்னார். ஆஹா, மனுஷன் பார்க்கத்தான் இறங்குகிறார் என்று நானும் கூடவே இறங்கினேன்.

வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்பக்கமாகப் போனார்.