நாலாவது கோட்டிங்

எங்கள் தெரு டைப்ரைட்டிங் மாஸ்டர் வாழ்நாள் கல்வியைப் பற்றி எங்கும் சொற்பொழிவு ஆற்றியதில்லை. போர்டுக்குப் பெயின்ட் அடிப்பார், அவ்வளவுதான். ‘டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்’ என்பது ‘கம்ப்யூட்டர் சென்டர்’ ஆயிற்று. பிறகு ‘ஜெராக்ஸ், டி.டி.பி.’ போன மாதம் ‘ஏ.ஐ. பயிற்சி’. சாய்வெயிலில் பார்த்தால் நாலும் தெரியும்.

“இந்த வயசுல எங்கேர்ந்து சார் இவ்வளவு துணிச்சல்?” என்று கேட்டேன்.

“கடை வாடகையிலேர்ந்து” என்றார்.

முதல் மாணவர், ஓய்வுபெற்ற தாசில்தார். தமிழக அரசு ஓய்வு வயதை 2020-இல் 59, 2021-இல் 60 என்று தள்ளிவைத்ததில், கம்ப்யூட்டரைத் தொடுவதற்கும் அவருக்கு இரண்டு வருஷம் வாய்தா கிடைத்திருந்தது. ஆயுசு முழுக்க “நாளைக்கு வாங்க” என்று சொல்லிப் பழகியவரிடம், இப்போது திரையில் ஒரு வட்டம் சுற்றிச் சுற்றி அதையே சொல்கிறது. ‘கடவுச்சொல் தவறு’ என்று வந்தால், மனு திரும்பி வந்த விவசாயி மாதிரி முகம் சுருங்குகிறது.

மாஸ்டர் அசரவில்லை. “கீழே பார்க்காதீங்க. ஏ, எஸ், டி, எஃப்…” என்று அடிஸ்கேலோடு பின்னால் நிற்கிறார். 1874-இல் ரெமிங்டன் மெஷினோடு கடைக்கு வந்த எழுத்து வரிசை, சில்லறை மாற்றங்கள் போக, இன்னும் அதேதான். பாடத்தையும் அவர் மாற்றவில்லை.

மூலையில் உறை போர்த்திய இரண்டு பழைய மெஷின்கள். லோயருக்கு நிமிஷத்துக்கு 30 வார்த்தை, ஹையருக்கு 45. அரசுத் தேர்வுக்காகப் பிள்ளைகள் காலை ஆறு மணிக்கே வந்து தட்டுகிறார்கள். ஏ.ஐ. வகுப்பின் கரண்ட் பில் அந்த இரண்டின் தலையில்தான்.